இனெசியின் அம்மா, 1957

வீடு 614, ஆறாம் செக்‌ஷன்,
சிசாலே மைன் டவுன்ஷிப்.
12 மே 2001

மதிப்புக்குரிய இனெஸ் மதினிக்கு,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகலில் பேனாவை எடுத்தாலே குழந்தை வோங்கானிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, கத்துகிறாள். உங்கள் தம்பிக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். குழந்தை இப்போதுதான் கண் அசந்தாள். ஒரு வரி எழுதுவதும், மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

போன ஆகஸ்டில் நீங்கள் சாப்பிடாமல் விடிகாலை பஸ்ஸுக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. குழந்தை பிறந்ததற்குக்கூட சிபாடாவிலிருந்து கடிதம் வரவில்லை. அதைப்பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இது வேறு விஷயம்.

மைன் கைமாறியதிலிருந்து ஊரில் பழையது எதுவும் நிற்கவில்லை. இரும்பாக இருந்தால் அறுத்து விற்கிறார்கள், செங்கலாக இருந்தால் பெயர்க்கிறார்கள். கிட்வேயிலிருந்து பாரம்பரியக் குழு ஒன்று வந்திருக்கிறது. சுரங்கம் இருந்த அடையாளம் எதையெல்லாம் இடிக்கக் கூடாது என்று பட்டியல் போடுகிறார்கள். நான் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவள் என்பதால், நம் செக்‌ஷனுக்கு எழுதிக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அதிகாரி பெயர் கபாசோ. நல்ல மனிதர்தான். ஷாஃப்ட் கோபுரத்தை எழுதிக்கொண்டார், மேனேஜர் பங்களாவை எழுதிக்கொண்டார், கிளப்பை, உருக்காலைக் கசடு கொட்டிய கறுப்பு மலையைக்கூட எழுதிக்கொண்டார். நான் நம் தெருமுனையில் இருக்கும் துவைக்கும் மேடையைக் காட்டினேன். பன்னிரண்டு சிமெண்ட் தொட்டி இருக்கிறதே, அது. நகராட்சி அந்த இடத்தைப் பெட்ரோல் பங்குக்கு ஒதுக்கியிருக்கிறது.

"துணி துவைக்கிற இடமாம்மா?" என்றார்.

"சார், ஷாஃப்ட் கோபுரத்துல ஆம்பளைங்க இறங்கினாங்க, ஏறினாங்க. ஏறி வந்தப்போ போட்டிருந்த உடுப்பு எங்க போச்சு?" என்று கேட்டேன். எங்கிருந்து அப்படிப் பேச்சு வந்ததோ தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு ஒரு ஃபாரம் கொடுத்தார்.

மேடையின் ஓரத்தில் பெண்கள் ஈரச் சிமெண்டில் ஆணியால் எழுதிய பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. கீழே 1957. அந்தப் பெயர்களை ஃபாரத்தில் எழுதிக் கொடுத்தேன். போன வாரம் திரும்பி வந்துவிட்டது. "பானா கலுபா, பானா சிசங்கா... எல்லாமே இன்னாரோட அம்மா, இன்னாரோட அம்மா. அந்தப் பொம்பளைங்களுக்கு சொந்தப் பேர் எங்கம்மா? கம்பெனியோட பழைய வீட்டுப் பதிவேட்டுல ஒருத்திகூட இல்லையே" என்கிறார். பதினான்கு சொந்தப் பெயர்களும் வேண்டும். ஜூன் முப்பது கடைசி நாள். பக்கத்து வீட்டு பிரிஸ்கா கூட வருகிறாள், வீடு வீடாக ஏறி விசாரிக்கிறோம்.

பதினான்காவது பெயர் பானா இனெசி. உங்கள் அம்மா என்று நான் எழுதியிருந்தேன். ஆறாம் செக்‌ஷனில் வேறு இனெசி கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் கபாசோ சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, "மகள் பிறந்தது 1961. தாய் 1957இல் எப்படி 'இனெசியின் அம்மா'? முரண்" என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரி இடறினால் மற்ற பதின்மூன்றையும் நம்ப மாட்டார்.

அம்மாவிடம் கேட்டுச் சொல்வீர்களா? அம்மாவின் சொந்தப் பெயரை மருமகள் சொல்லவோ எழுதவோ கூடாது என்பது உங்கள் வீட்டு முறை. அதனால் நான் நேராகக் கேட்க முடியாது.

வோங்கானி ஐந்து கிலோ இருநூறு. நான்கு மாதத்துக்கு இது போதுமா? கிளினிக் அட்டையில் அவள் புள்ளி கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. உங்கள் பிள்ளைகள் மூவரும் இந்த வயதில் எப்படி இருந்தார்கள்?

உங்கள் தம்பி மனைவி,
லோம்பே


சிபாடா,
27 மே 2001

லோம்பே,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம், அதில் ஒன்றரைப் பக்கம் மன்னிப்பு.

துவைக்கும் மேடையை இடிக்கக் கூடாது என்று நீ எழுதியதைப் படித்து நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். என் அப்பா நட்ட மாமரத்தை வெட்டியவள் நீ. வேலிச்செடியைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, ஜெயில் மாதிரி இரும்புக் கதவு போட்டவள் நீ. பதின்மூன்று வருஷம் கழித்து நான் பிறந்த வீட்டுக்கு வந்து, கதவைத் தட்டி, யார் என்று சொல்லி உள்ளே வர வேண்டியிருந்தது. இப்போது நகராட்சி உடைக்க வந்ததும் உனக்குப் பழசின் மேல் பாசம் வந்துவிட்டது. குரங்கு தின்னும் பெம்பாக்காரிக்கு மரம் எதற்கு, குரங்குகள் ஏறி விளையாடவா என்று அன்றைக்குக் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. எனக்கு என் பிறந்த வருஷம் தெரியும். 1961, செப்டம்பர். அப்பாவின் அத்தை பெயரை எனக்கு வைத்தார்கள். உன் சிமெண்டில் இருக்கும் இனெசி வேறு யாரோ. அங்கேயே விசாரி.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒரு விஷயம். எனக்கு ஐந்து வயதிருக்கும், அம்மா துவைக்கும்போது நான் அந்த ஓரத்தில் உட்கார்ந்து அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டுவேன். நான் முதலில் கற்றுக்கொண்ட எழுத்து அதுதான், பள்ளிக்கூடத்தில் இல்லை. என் பெயர் போட்டிருப்பதால் மேடை முழுவதும் எங்களுடையது என்று நினைத்து, மற்ற பிள்ளைகளிடம் வாடகை கேட்பேன். வாடகைக்கு ஒரு கை நிலக்கடலை. அந்த எழுத்து எனக்கு முன்னாலேயே அங்கே இருந்ததா என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்தேன். ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோடு விஷயம் வந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுக் கடலை உரிக்கப் போய்விட்டாள். கடலை ஏற்கெனவே உரித்துதான் இருந்தது.

நான் மறுபடி கேட்கப் போவதில்லை.

பிள்ளை எடை போதும். என் நடுப்பிள்ளை உன் மகளைவிடக் குறைவு. இன்றைக்கு ராணுவத்தில் இருக்கிறான், கதவில் குனிந்துதான் நுழைகிறான்.

இனெஸ் ஜெரே


சிசாலே,
8 ஜூன் 2001

மதினி,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது அழுதேன். பிரிஸ்கா வந்து பார்த்துவிட்டு, என் கையிலிருந்து பிடுங்கி, சத்தமாகப் படித்தாள். குரங்கு வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதுக்கா அழுதுட்டு இருக்கே? ங்கோனிக்காரி உன்னைத் திட்டாம கொஞ்சவா செய்வா? பெம்பா ஜனமும் ங்கோனி ஜனமும் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் பண்ற கேலி சொந்தம்டி. அவ குரங்குன்னா நீ எலின்னு சொல்லணும். 'எலி தின்னிக்கு மாம்பழம் எதுக்கு, போய் வயல்ல பொந்து தோண்டு'ன்னு அங்கயே சொல்லியிருந்தா அவ உட்கார்ந்து ரெண்டு தட்டு சோளக்களி சாப்பிட்டுட்டுப் போயிருப்பா. நீ அழுதே பாரு, அதான் அவளுக்கு அவமானம். சொந்தம் இல்லைன்னு கதவைச் சாத்தின மாதிரி ஆயிடுச்சு."

மதினி, எனக்கு நிஜமாகவே தெரியாது. நான் லுசாகாவில் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவள். அங்கே ஒருவரை ஒருவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேலி சொந்தம் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்குப் பதில் எழுதியிருக்கிறேன், எட்டு வாங்கினேன். ஆனால் வாசலில் நின்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னபோது, அதுதான் இது என்று தோன்றவில்லை. எனக்கு அப்போது நான்காம் மாதம். குமட்டல் வேறு.

மாமரத்தைப் பற்றி. அது கூரை மேல் சாய்ந்திருந்தது. ஒரு புயல் ராத்திரியில் கிளை முறிந்து அறையின் மேல் விழுந்தது. அந்த அறையில்தான் தொட்டில் போட இருந்தோம். மூன்று நாள் அந்தக் கிளையைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. உங்கள் தம்பி கிளையை மட்டும் வெட்டலாம் என்றுதான் சொன்னார். மரம் முழுவதும் போகட்டும் என்று சொன்னது நான். சுவரும் நான்தான். வேலிச்செடிக்குள் பாம்பு இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யார் எதைச் சொன்னாலும் எனக்கு அது நடந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. இப்படி இருக்கிறேனே என்று எனக்கே வெட்கம்தான்.

அடிமரம் இன்னும் இருக்கிறது. டீசல் ஊற்றிக் கொன்றுவிடலாம் என்றார் உங்கள் தம்பி, வேண்டாம் என்றேன். அதில் இப்போது ஆறு இலை விட்டிருக்கிறது, செம்பு நிறத்தில்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அம்மா ரேடியோவை அணைத்ததாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 1957இல் ஒரு இனெசி இருந்திருக்கிறாள், உங்களுக்கு முன்னால். அவள் இறந்திருக்க வேண்டும். அவள் பெயரைத்தான் உங்களுக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் சிவப்பு மைக் கேள்வியைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன். ஃபாரத்துக்காக. நேற்று சாயங்காலம் சென்டா இறங்கியது. அந்த உருக்காலைப் புகை தொண்டையில் ஊசி மாதிரி குத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். வோங்கானியை ஈரத் துணிக்குள் மூடி, ஜன்னலை எல்லாம் அடைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தைக்கும் இந்தப் புகைதானோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பட்டியல் எழுதுகிறேன். இந்தப் புகையையும் அதில் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் அது உண்மையான பட்டியலா?

அம்மாவிடம் கேட்க வேண்டாம். பதின்மூன்று பேருக்கும் பெயர் கிடைத்துவிட்டது, பிரிஸ்காவின் கால் புண்ணியம். நடந்து நடந்து அவள் செருப்பு அறுந்ததுதான் மிச்சம். "பிள்ளையில்லாதவளுக்கு வீட்ல என்ன வேலை, வா போலாம்" என்று அவளே தன்னைக் கிண்டல் செய்துகொண்டு கிளம்புகிறாள். கல்யாணமாகி மூன்று வருஷம். நான்தான் அந்தப் பேச்சுக்குச் சிரிக்க முடியாமல் நிற்கிறேன்.

பதின்மூன்றை மட்டும் கொடுக்கிறேன். பதினான்காவது பெயர் யாருடையது என்று தெரியவில்லை என எழுதிவிடுகிறேன். கபாசோ மேடையையே தள்ளினாலும் தள்ளட்டும்.

லோம்பே


சிபாடா,
19 ஜூன் 2001

ஏய் குரங்கு தின்னி,

தபாலில் போட்டால் முப்பதாம் தேதிக்குள் வராது. அதனால் கிட்வே பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீராவது கொடு.

யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அடுத்த வரியைப் படிப்பதற்குள் இன்னொரு பிள்ளையைப் புதைத்துவிடுவாய்.

நான் மறுபடி கேட்பதில்லை என்றேன் அல்லவா, கேட்கவில்லை. உன் இரண்டாவது கடிதத்தை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். இறந்துபோன இனெசி என்று வந்த இடத்தில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, அந்தப் பொண்ணு பால் குடுக்கிறவ, இதை நெனச்சுட்டுத் தூங்காம இருந்தா பால் வத்திப் போகுமே" என்றாள். பிறகு என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், இருந்தாலும் சாத்தினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்போ பதினேழு வயசு. கல்யாணமாகி, இங்கேர்ந்து லாரியில ரெண்டு நாள் போய்ச் சேர்ந்தேன். போய் மூணு வாரம் ஆச்சு. அப்போ செக்‌ஷன் முழுக்க ஒரே குழாய். கீழே சேறு. அந்தச் சேத்துல நின்னுதான் மைன் உடுப்பைத் துவைக்கணும். பாறைத் தூளும் கிரீஸும், பலகை மாதிரி நிக்கும் அந்த உடுப்பு. வெள்ளைக்கார மேனேஜர்கிட்ட நாலு தடவை கேட்டாங்களாம், நடக்கல. ஒரு திங்கக்கிழமை எல்லாப் பொம்பளைங்களும் அழுக்கு உடுப்பைத் தூக்கிட்டுப் போய் அவரு ஆபீஸ் வராந்தாவுல கொட்டிட்டாங்க. நானும் தூக்கிட்டுப் போனேன். எதுக்குன்னுகூட எனக்குத் தெரியாது, எல்லாரும் போனாங்க, போனேன். மூணு நாள் யாரும் துவைக்கல. ஆம்பளைங்க போன வார உடுப்போட ஷாஃப்ட்ல இறங்கினாங்க. கூண்டுக்குள்ள ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் நிக்க முடியல. நாலாம் நாள் கொத்தனார் வந்தாரு.

மேடை கட்டி முடிச்ச அன்னிக்கு, 'சிமெண்ட் ஈரமா இருக்கு, பேரு எழுதறவங்க எழுதுங்க'ன்னு அந்தக் கொத்தனார் ஒரு ஆணி குடுத்தாரு. எல்லாரும் வரிசையா எழுதினாங்க. பானா கலுபா, பானா சிசங்கா, அப்படி. நான் கடைசி. 'நீ யாரோட அம்மா?'ன்னு கேட்டாரு. யாரோட அம்மாவும் இல்லைன்னு எப்படிச் சொல்றது? பதிமூணு பேரும் திரும்பிப் பார்க்கிறாங்க. சொந்தப் பேரை எழுதினா சின்னப் பொண்ணு மாதிரி, துணி இல்லாம நிக்கற மாதிரி இருந்துது. 'சீக்கிரம் பொண்ணே, இறுகுது, இறுகுது'ங்கறாரு. லாரியில வந்தப்போ ஒருத்தியோட கைக்குழந்தை ரெண்டு நாளும் என் மடியிலதான் தூங்குச்சு. இனெசின்னு பேரு. அது ஒண்ணுதான் வாயில வந்துது. எழுதிட்டேன்."

அன்றைக்கு சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, "யாருடி அந்த இனெசி?" கல்யாணத்துக்கு முன்னாலேயே இவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்று செக்‌ஷன் முழுக்கப் பேச்சு. அப்பா வழிச் சொந்தக்காரர் இரண்டு பேர் முஃபுலிராவிலிருந்து பஞ்சாயத்துக்கே வந்துவிட்டார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தாராம். பிறகு, "அது என் அத்தை பேரு. முதல் பிள்ளைக்கு அதைத்தான் வைக்கணும்னு நான்தான் முன்னாடியே சொல்லி வச்சேன்" என்றாராம். அப்பாவுக்கு அத்தையே கிடையாது, லோம்பே. எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, என் அப்பாவுக்கு அத்தை கிடையாது என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நான்கு வருஷம் பிள்ளை இல்லை. நான்கு வருஷமும் எல்லோரும் அவளை பானா இனெசி என்றுதான் கூப்பிட்டார்கள். சில பேர் குத்தலாக, சில பேர் பழக்கத்தில். "ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்தப் பேரு மேலதான் சோப்புத் தண்ணி ஊத்துவேன். 'இங்கதான் இருக்கேன், வா, வா'ன்னு சொல்லுவேன். நீ பொறந்தப்போ நர்ஸ் பேரு கேட்டாங்க. உங்கப்பா, 'அது எப்பவோ வச்சாச்சு, வெளியில போய்ப் பாருங்க'ன்னாரு."

சொல்லி முடித்துவிட்டு அம்மா இடுப்பில் சுற்றிய சிட்டெங்கேயால் முகத்தைத் துடைத்தாள் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அழவில்லை. சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. இல்லாத அத்தையைவிட ஒரு சிமெண்ட் மேடை எவ்வளவோ மேல். வாடகை வாங்கியது நியாயம்தான்.

இந்தக் கவருக்குள் அரக்கு வைத்து ஒட்டிய இன்னொரு கவர் இருக்கிறது. அம்மாவின் கல்யாணப் பதிவுக் காகிதத்தின் நகலும், அடையாள அட்டை நகலும் அதில் இருக்கின்றன. அவள் சொந்தப் பெயர் இருக்கிறது, வருஷம் 1957 இருக்கிறது. நீ பிரிக்கக் கூடாது. பிரித்தால் எனக்குத் தெரியும். அதிகாரியிடம் அப்படியே கொடு. "ஃபாரத்துல என் பேரு இருக்கட்டும், சிமெண்ட்ல இருக்கறது அப்படியே இருக்கட்டும்" என்பது அம்மாவின் உத்தரவு.

புகையையும் எழுது. அதுவும் இருந்ததுதானே.

எலி தின்னி,
இனெஸ்


சிசாலே,
14 ஜூலை 2001

அன்புள்ள எலி தின்னி மதினிக்கு,

எழுதிவிட்டேன். பிரிஸ்கா பக்கத்தில் நின்று, "அழிச்சுடாதே, அழிச்சுடாதே" என்று காவல் காத்தாள்.

முதலில் கவர் விஷயம். அதை நான் பிரிக்கவில்லை. ஆறு நாள் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இருபத்தெட்டாம் தேதி வோங்கானியை முதுகில் கட்டிக்கொண்டு, பிரிஸ்காவையும் கூட்டிக்கொண்டு கிட்வேக்குப் போனேன். கபாசோ முன்னால் அப்படியே வைத்தேன். அம்மா சொன்னதை முழுவதும் சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கொத்தனார் "இறுகுது, இறுகுது" என்ற இடத்தில், "அய்யோ பாவம்" என்று அவரே சொல்லிவிட்டார். பிறகு அரக்கை உடைத்துக் காகிதத்தை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"சார், சார், வாய் விட்டுப் படிக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டாள்.

"ஏம்மா?"

"என் மாமியார் பேரு சார். நான் கேட்கக் கூடாது."

அவரும் பெம்பாக்காரர்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலி தின்னிங்க வீட்டுல போய் நல்லா மாட்டிக்கிட்டியேம்மா. சரி, அந்தப் பக்கம் திரும்பு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டேன். பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. நீளமான பெயர் போலிருக்கிறது, நேரம் பிடித்தது. பதினான்காவது கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரிஸ்காவுக்குத் தெரியும். வேண்டுமென்றே எட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது முழுக்க, "சொல்லட்டுமா, சொல்லட்டுமா" என்று என் உயிரை வாங்கினாள்.

நேற்று முன்தினம் முடிவு வந்தது. மேடை பட்டியலில் ஏறிவிட்டது, மதினி! ஷாஃப்ட் கோபுரத்துக்கு அடுத்த வரியில் இருக்கிறது, மேனேஜர் பங்களாவுக்கு முன்னால். சென்டாவைப் பற்றி நான் எழுதிய பத்தியையும் வெட்டவில்லை. பெட்ரோல் பங்க் பழைய பீர் ஹாலுக்கு அந்தப் பக்கம் போகிறது. சேதி தெரிந்ததும் பஜ்ஜி விற்கும் பெண்கள் தொட்டியைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். நான் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு கிலோ நூறு, புள்ளி கோட்டைத் தொட்டுவிட்டது.

உங்கள் தம்பி தெருப் பக்கச் சுவரை இடுப்பு உயரத்துக்கு இறக்குகிறார். நான்தான் சொன்னேன். பாம்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். மாமர அடியில் இப்போது பதினேழு இலை. நான் எண்ணுகிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது அவசரமான விஷயம். மேடையின் ஒரு மூலையை ஏதோ லாரி பின்னால் வந்து உடைத்திருக்கிறது. அதைப் பூசினால்தான் பட்டியலில் நிற்கும் என்று கபாசோ சொல்லிவிட்டார். ஆகஸ்ட் நான்காம் தேதி, சனிக்கிழமை காலை, நகராட்சிக் கொத்தனார் வருகிறார். பழைய எழுத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது. புதிதாகப் பூசும் இடத்தில் இப்போது துவைப்பவர்கள் பெயரை எழுதலாம், கீழே 2001 என்று தெளிவாகப் போட வேண்டும், நாற்பது வருஷம் கழித்து யாரும் சிவப்புக் கோடு போடாமல் இருக்க. இது அவருடைய கட்டளை. என்னுடையது சுலபம், பானா வோங்கானி. ஆணியை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று காலை பிரிஸ்கா வந்தாள். அடுப்பில் இருந்த கஞ்சியைக் கிளறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பானா வோங்கானி, நான் என்ன எழுதறது?"

நான் வாய் திறப்பதற்குள், "உன் பேரை எழுதுன்னு சொல்லிடாதே. நானும் வரிசையில நிக்கறேன். உன் மாமியார் எழுதின மாதிரி எழுதப் போறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவில்லை, கஞ்சி எப்போதோ வெந்துவிட்டது. என்ன பெயர் என்று கேட்டேன். "அதை நான் வைக்க மாட்டேன். அந்தம்மா வைக்கட்டும். அவங்க எழுதினது நடந்துதே" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மதினி, எனக்கு எதற்குத்தான் பயமில்லை. எழுதி, வராமலே போய்விட்டால்? ஆனால் நான்கு வருஷம் அம்மா அந்தப் பெயரின் மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றதை நினைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று பிரிஸ்காவிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் செருப்பு அறுந்தது இந்த மேடைக்காக.

அம்மாவிடம் ஒரு பெயர் கேட்டு எழுதுங்கள். பெண்ணோ ஆணோ இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி, ஆணியால் எழுத வேண்டும் என்பதால் சின்னதாக. முடிந்தால் நீங்களே அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான்காம் தேதிக்கு வந்துவிடுங்கள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், குரங்கு சமைக்க மாட்டேன். வர முடியாவிட்டால் பஸ் டிரைவர் கையில் பெயரை மட்டும் கொடுத்தனுப்புங்கள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், சாப்பாடும் போட்டேன்.

சிமெண்ட் மத்தியானத்துக்குள் இறுகிவிடும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

லோம்பே
(பானா வோங்கானி)